சி மொழியில் பாதுகாப்பாக மின்னஞ்சல் பெறும் நிரல்: எங்கிருந்து தொடங்குவது?

கல்லூரி இறுதியாண்டுச் செயல்திட்டமாக, அஞ்சல் சர்வரிலிருந்து மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே மடல்களை எடுக்கும் நிரலைச் சி மொழியில் எழுதினேன். அதே தலைப்பை எடுத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: நிரல் பிறகு இருக்கட்டும், சர்வரோடு கையால் பேசிப் பழகுங்கள்.

சர்வரிலிருந்து மடலைப் பெறுவதற்கான நெறிமுறைகள் இரண்டு: ஐமேப், பாப்3. இதற்கு ஐமேப்பைவிட பாப்3 எளிது. அதன் விதிகளைச் சொல்லும், 1996-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1939 சிறிய ஆவணம், முழுவதும் படித்துவிடலாம். டெர்மினலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகம் தரும் எஸ்-கிளையன்ட் கருவியைக் கொண்டு 995-ஆம் போர்ட்டில் இணைந்து, கட்டளைகளை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். மடலைக் கேட்கும் கட்டளை ஆர்.இ.டி.ஆர். என்ற நான்கு எழுத்து. வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்து ஆர் வந்தால், எஸ்-கிளையன்ட் அதைத் தனக்கு இட்ட ஆணையாக எடுத்துக்கொண்டு இணைப்பை மறுபடி பேசி அமைக்க முயலும், மடல் வராது. கொயட் என்ற தேர்வைச் சேர்த்தாலோ கட்டளையைச் சிறிய எழுத்தில் அடித்தாலோ சிக்கல் தீர்ந்துவிடும். இது தெரியாமல் சர்வரைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

110-ஆம் போர்ட்டில் வெறும் உரையாகத் தொடங்கி, நடுவில் மறையாக்கத்துக்கு மாறும் முறையும் இருக்கிறது. அந்த மாற்றத்தை இடையில் இருப்பவர் தடுத்துவிட முடியும் என்பதால், முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறை நடக்கும் 995-ஐத் தேர்ந்தெடுங்கள். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314-உம் இதையே பரிந்துரைக்கிறது.

அடுத்து வருவதுதான் இந்தத் தலைப்பின் உயிர். மறையாக்கம் இருந்தாலே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கிளையன்ட் நிரல், நீங்கள் கேட்காத வரை, தான் யார் என்பதற்குச் சர்வர் காட்டும் சான்றிதழ் பிழையானது என்பதற்காக இணைப்பை முறிக்காது. ஆளைப் பார்க்காமல் பூட்டிய பெட்டியைச் சாவியோடு கொடுப்பதற்குச் சமம் இது. நம்பகமான சான்றளிப்போர் பட்டியலை ஏற்ற வேண்டும். சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லும் வெரிஃபை-பியர் நிலையை இயக்க வேண்டும். எந்தப் பெயர் கொண்ட சர்வரை எதிர்பார்க்கிறோம் என்பதையும் எஸ்எஸ்எல்-செட்1-ஹோஸ்ட் என்ற செயற்கூறு மூலம் சொல்ல வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால், வேறு எவரோ முறையாக வாங்கிய சான்றிதழும் செல்லும். இணைப்பின் தொடக்கப் பேச்சான கைகுலுக்கலில் சர்வரின் பெயரை அனுப்பும் எஸ்என்ஐ அமைப்பு இதற்கு மாற்று அல்ல. அது தனி வேலை. பேட்எஸ்எஸ்எல் தளத்தில் காலாவதியான சான்றிதழ், பெயர் பொருந்தாத சான்றிதழ் இரண்டுக்கும் சோதனை முகவரிகள் உண்டு. உங்கள் நிரலை அவற்றின் 443-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். கைகுலுக்கல் தோற்றால்தான் நிரல் சரி.

தரவைப் படிக்கும் பகுதியில் பொறுமை வேண்டும். தரவை வாசிக்கும் எஸ்எஸ்எல்-ரீட் செயற்கூறு ஒருமுறை திரும்பினால் ஒரு வரி முழுதாக வந்துவிட்டது என்று பொருள் இல்லை. மடலின் முடிவைக் காட்டும் தனிப் புள்ளி வரியே இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் உடைந்து வரக்கூடும். ஆகவே வந்ததையெல்லாம் ஓர் இடையகத்தில் சேர்த்து, அதில் முடிவைத் தேடுங்கள். மடலுக்குள் புள்ளியில் தொடங்கும் வரி இருந்தால் சர்வர் இன்னொரு புள்ளியை முன்னால் சேர்த்தே அனுப்பும். அதை நீக்குவது உங்கள் பொறுப்பு.

வாய்மொழித் தேர்வில் என்னிடம், “இதற்கு லிப்கர்ல் என்ற ஆயத்த நிரலகம் இருக்கிறதே, ஏன் பயன்படுத்தவில்லை?” என்று கேட்டார்கள். கற்பதற்காகக் கீழ்மட்டத்தில் எழுதினேன், வேலையில் என்றால் லிப்கர்ல்தான் என்றேன். இன்றும் என் கருத்து அதுவே. சான்றிதழ், பெயர் இரண்டையும் அது இயல்பாகவே சரிபார்க்கிறது. ஓடினால் போதும் என்று அந்தச் சரிபார்ப்பைப் பூஜ்யமாக்கும் மாதிரி நிரல்களை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

கடவுச்சொல்லை மூல நிரலில் எழுத வேண்டாம். கட்டளை வரியிலும் கொடுக்க வேண்டாம். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை அதைப் பிறருக்குக் காட்டிவிடக்கூடும். ஜிமெயிலில் சோதிப்பவர்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, தனியாக ஆப் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ளுங்கள்.