வால்வை ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள்

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் விடாத காய்ச்சல். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டும் கேட்கவில்லை, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. தொண்டை வழியே குழாய் விட்டு எடுத்த எக்கோவில்தான் இதய வால்வில் பெரிய கட்டி ஒட்டியிருப்பது தெரிந்தது. பூஞ்சையாக இருக்கலாம் என்று சொல்லி, வால்வை மாற்றினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது.

தியேட்டர் வாசலில் அட்டெண்டர் ஒரு டப்பாவை என் கையில் கொடுத்து, வெளி லேபில் கல்ச்சருக்குக் கொடுக்கச் சொன்னார். சென்னை ஈகா தியேட்டர் சிக்னலில் ஆட்டோ நகரவே இல்லை. டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “இது ஃபார்மலின் சார். பயாப்சிக்குத்தான் ஆகும், கல்ச்சர் வராது” என்று திருப்பி நீட்டினார். ஃபார்மலின் என்பது சதையைக் கெடாமல் வைக்கும் திரவம். அது பட்டால் பூஞ்சை செத்துவிடும், பிறகு எதுவும் வளராது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எடுத்த வால்வை மறுபடி எங்கே போய் எடுப்பது?

பூஞ்சையில் கேண்டிடா வகை என்றால் ரத்தக் கல்ச்சரிலேயே பிடிபட வாய்ப்பு உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் வகை பெரும்பாலும் அதில் பிடிபடாது. பயாப்சி பூஞ்சை இருப்பதைக் காட்டும். எந்த இனம், எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதற்குக் கல்ச்சர் வேண்டும். அதனால் அறுவைக்கு முன்பே, “ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொன்று ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்பு நீரில்)” என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

திரும்பி ஓடினேன். ஜூனியர் டாக்டர் ஒருவர் சலைனில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். லேபுக்கான ரெக்விசிஷன் சீட்டு எழுதாததால் அது நர்ஸ் மேசையிலேயே கிடந்தது. தேடி எடுத்துக் கொடுத்த சிஸ்டரை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அதில்தான் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வளர்ந்தது.

வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கினார்கள். வார்டு சார்ட்டில், மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மட்டும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேரலாமா என்று சந்தேகப்பட்டு, சிறுநீரக டாக்டரான நெஃப்ராலஜிஸ்டுக்கு நானே போன் போட்டேன். “உடனே மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லுங்கள், ரத்த அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்” என்றார். குறைக்காவிட்டால் வோரிகோனசோலால் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் ஏறி, வைத்த கிட்னியையே கெடுத்துவிடும். மாற்று அறுவை செய்தவர்கள் வீட்டில் பூஞ்சை மருந்து எது தொடங்கினாலும், நிறுத்தினாலும், முதல் போன் நெஃப்ராலஜிஸ்டுக்குப் போகட்டும்.

இப்போது வீட்டில் இருக்கிறார். வோரிகோனசோல் மாத்திரை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ. இந்த மருந்துக்கு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால், சென்னை வெயிலில் முழுக்கைச் சட்டையும் குடையும் இல்லாமல் அண்ணி அவரை வாசல் தாண்ட விடுவதில்லை.