நடுக்கட்டியை எடுத்த பிறகுதான் அடீனியம் பிழைத்தது

அடீனியத்துக்கு, அதாவது அடித்தண்டு கிழங்காகப் பருக்கிற பாலைவன ரோஜாவுக்கு, தொட்டி மாற்றி நட்டு இன்றோடு முப்பத்தெட்டு நாள். கிளை நுனி ஒன்பதிலும் இலை விட்டாயிற்று. காலையில் கிழங்கை அமுக்கிப் பார்த்தேன், கொட்டாங்கச்சி மாதிரி கெட்டியாக இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கி வரும்போதே இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏனென்றால் போன ஐப்பசியில் இதே மாடியில் தொட்டி மாற்றிய இன்னொரு அடீனியம் பதினாறே நாளில் கொழகொழத்துப் போனது. ஆறு வருஷம் வளர்த்த செடி அது.

அப்போது மழைதான் காரணம் என்று நினைத்தேன். மதுரையில் அந்த வாரம் விடாத மழை, செடியை ஓரமாக நகர்த்தி வைத்தும் சாரல் அடித்தது. ஆனால் செத்த செடியைப் பிரித்துப் பார்த்தபோது வெளிப்பக்கத்து வேரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அழுகல் கிளம்பியது நடுவிலிருந்து. கிழங்குக்கு நேர் கீழே, வேர்கள் கவடு பிரிகிற இடத்தில், என் கைமுட்டி அளவுக்கு ஒரு செம்மண் உருண்டை. நர்சரியில் நட்ட அன்றைக்கு வைத்த மண். அதை உள்ளேயே விட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்துப் பார்த்துக் கலந்த கலவையைக் கொட்டியிருக்கிறேன்.

கலவை எவ்வளவு பொலபொலப்பாக இருந்தாலும் அந்த உருண்டைக்கு அதனால் பயனில்லை. களி கலந்த அந்த மண்ணின் நுண்துளை தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பெரிய துகள்களால் அதை உறிஞ்சி எடுக்க முடியாது. ஆகவே வெளியே காய்ந்துவிடும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். கோடையில் நிலைமை தலைகீழ்: அந்தக் கட்டி ஒருமுறை இறுகக் காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் அதைச் சுற்றி ஓடி ஓட்டை வழியே போய்விடும். ‘தினமும் ஊற்றுகிறேன், கிழங்கு சுருங்குகிறது’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பிழைத்திருப்பது அதன் ஜோடி. அன்றைக்கே, அதே இடத்தில் வாங்கியது. தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று தை கடைசியிலேயே தெரிந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் மேலே ஒரு நிமிடம் தேங்கி நின்றது. பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கம் புடைத்து, அமுக்கினால் கல் மாதிரி இருந்தது. ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்ப்பதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. அடீனியம் கொஞ்சம் நெருக்கத்தில் இருந்தால் நன்றாகவே பூக்கும், அதை அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம். தண்ணீர் இறங்காததும் தொட்டி புடைப்பதும் சேர்ந்து வந்தால்தான் கை வைக்கிறேன். அதோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். மார்கழியில் இலை கொட்டி மொட்டையாக நின்ற நுனியில் பச்சையாகக் குருத்து முளை தெரிய வேண்டும். செடி விழித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வெட்டிய வேர் ஆறுவதற்கான தெம்பு அப்போதுதான் அதற்கு இருக்கும். எங்கள் ஊருக்கு மாசிதான் சரி. மழை கிடையாது, வெயிலும் இன்னும் கொளுத்த ஆரம்பித்திருக்காது.

எடுப்பதற்கு ஏழு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டேன். கிழங்கு லேசாகத் தளர்ந்தது. பயப்பட வேண்டாம், தாகத்தில் தளர்வது முழுக்கச் சீராக இருக்கும். அழுகல் என்றால் ஓரிடத்தில் மட்டும் விரல் உள்ளே போகும், நாற்றமும் வரும். தாகத்தில் இருக்கும் வேர் வளைந்து கொடுக்கும். தண்ணீர் குடித்து விறைத்த வேர் முள்ளங்கி மாதிரி படக்கென்று ஒடிந்துவிடும்.

தொட்டியைப் பிளேடால் கீறித்தான் எடுத்தேன். வெளி மண் கையாலேயே உதிர்ந்தது. பிறகுதான் நடுக்கட்டி. இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

முதலில் சமையலறை முள்கரண்டியால் கிளறினேன். கட்டி அசையவில்லை, வேரின் தோல்தான் உரிந்தது. பைப் தண்ணீரைப் பீய்ச்சினேன். வெளிப்பக்கம் சேறாகி வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. கடைசியில் கைகொடுத்தது வாளியும் ஈர்க்கும்தான். வேர் மட்டும் மூழ்கும்படி வாளியில் பதினைந்து நிமிடம் வைத்து, விளக்குமாற்று ஈர்க்கின் தடித்த முனையைக் கட்டியின் நடுவில் செருகி, வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே குத்தவே கூடாது. இழுக்கும் திசை எப்போதும் கிழங்கிலிருந்து வேர் நுனியை நோக்கி. சிட்டிகை சிட்டிகையாகத்தான் வரும். மறுபடி வாளி, மறுபடி ஈர்க்கு. நான்காவது சுற்றில் கவட்டுக்குள் ஒளி தெரிந்தது. மிச்சத்தைத் தேய்ந்த டூத்பிரஷால் எடுத்தேன்.

உள்ளே இன்னொன்றும் இருந்தது. கன்று வளர்க்கிற கறுப்பு பிளாஸ்டிக் வலைக் கிண்ணம். அதைக் கழற்றாமலேயே நட்டு விற்றிருக்கிறார்கள். இரண்டு வேர் அதன் கண்ணிக்குள் நுழைந்து, அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல இடுங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. வாங்கும் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. புதுச் செடி எதுவானாலும் முதல் மாசியிலேயே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். இடுங்கிய இரண்டு வேரையும் வெட்டிவிட்டேன், மெல்லிய வேரில் மூன்றில் ஒரு பங்கு கழித்தேன்.

கையுறை கட்டாயம். அடீனியம் அரளியின் உறவு. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதன் சாற்றையும் அம்பு முனையில் நஞ்சாகத் தடவியிருக்கிறார்கள், இதயத்தைப் பாதிக்கக்கூடியது. வீட்டில் குழந்தை இருந்தால் வெட்டிய வேரைக் குப்பையில் அப்படியே போடாமல் கட்டிப் போடுங்கள். அரளியைத் தின்கிற அந்தக் கொழுத்த பச்சைப் புழு இதையும் தேடி வரும். ஆவணியில் எனக்கு ஒரே ராத்திரியில் ஒரு கிளை மொட்டையானது.

வெட்டுவாயில் சாஃப் என்கிற பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தடவி, மாடிப்படிக்கு அடியில் செய்தித்தாள் மேல் ஆறு நாள் படுக்க வைத்தேன். வெட்டிய முகம் தோல் போலக் காய்ந்து, நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். அதுவரை நடக் கூடாது. செடியை வெறும் வேரோடு ஆறு நாள் வைத்திருக்க மனசு கேட்காது. வைத்துத்தான் ஆக வேண்டும்.

கலவை: செங்கல் ஜல்லி நாலு பங்கு, சலித்த எம்-சாண்ட் இரண்டு, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) ஒன்று, நன்றாக மட்கிய சாண எரு ஒன்று. எம்-சாண்டைச் சலிக்காமல் போடவே கூடாது. அதிலிருக்கும் மாவுத்தூள் அடியில் இறங்கிச் சிமெண்ட் போலப் படிந்துவிடும். மாவு சலிக்கிற சல்லடை இதற்கு ஆகாது, ரவைச் சல்லடையின் மேல் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. வேப்பம் புண்ணாக்கு இந்த முறை சேர்க்கவில்லை. ஈரம் பட்டால் அது பூஞ்சை பிடித்துச் சூடாகும், பச்சைக் காயத்துக்குப் பக்கத்தில் அது வேண்டாம். இரண்டு மாதம் கழித்து மேலே தூவிக்கொள்ளலாம்.

தொட்டி மானாமதுரையிலிருந்து. கடத்துக்குப் பேர்போன ஊர், பூந்தொட்டியும் அருமையாகச் செய்கிறார்கள். அகலம் பதினொரு அங்குலம், ஆழம் ஐந்துதான் வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பெரியவர், “ஏம்மா, தட்டு மாதிரி கேக்குறீங்களே, செடி நிக்குமா?” என்றார். “கிழங்கு பக்கவாட்டுல பெருக்கணும் ஐயா, அடியில மண்ணு நெறைய இருந்தா ஈரம் தங்கிரும்” என்றேன். சுடுவதற்கு முன்பே ஐந்து ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஐந்தும் கட்டைவிரல் நுழைகிற அளவு. சித்திரைக்குப் பிறகு இன்னும் நாலு சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு ஹவொர்த்தியா என்கிற சின்னச் சதைப்பற்றுச் செடிகளுக்கு. அவை குளிர் நாளில் வளர்கிறவை, அவற்றுக்குத் தொட்டி மாற்ற மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசிதான் என் கணக்கு.

அடீனியத்துக்கே வருகிறேன். கலவை முழுக்கக் காய்ந்திருந்தது. கிழங்கை முன்பிருந்ததைவிட ஒன்றரை அங்குலம் உயர்த்தி வைத்து, பிடிக்க வேர் இல்லாததால் பழைய புடவைக் கரையால் தொட்டியோடு சேர்த்துக் கட்டினேன். ஏழு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருந்த குருத்தும் உதிர்ந்தது. அம்மா தினமும் மாடிக்கு வந்து, “பாவம்டி, கொஞ்சூண்டு ஊத்து” என்பார்கள். எட்டாம் நாள்தான் ஊற்றினேன்.

அடுத்த தண்ணீர் எப்போது என்பதற்கும் ஈர்க்குதான். அடி ஓட்டை வழியாக மூன்று அங்குலம் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்து, மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும். மேல்மண் சுடச்சுடக் காய்ந்திருந்த நாளில்கூட இரண்டு முறை ஜில்லென்றது, ஊற்றாமல் விட்டேன். முன்பு அந்த இரண்டு நாளும் ஊற்றியிருப்பேன். இருபத்தி ஆறாம் நாள் முதல் முளை தெரிந்தது.

இன்னும் முழு வெயிலுக்கு மாற்றவில்லை. காலை ஒன்பதரை வரைதான் வெயில், பிறகு பச்சை வலை நிழல். புடவைக் கட்டையும் அவிழ்க்கவில்லை. லேசாக ஆட்டினால் இன்னும் ஒரு நூல் அசைகிறது.

வடக்கு மூலையில் அரபிக்கம் என்கிற அடீனிய வகையில் பெரிய செடி ஒன்று இருக்கிறது. நேற்று அதன் தொட்டியில் விரல்கடை நீளத்துக்கு விரிசல் பார்த்தேன், தண்ணீரும் மேலே நிற்கிறது, நுனியில் முளையும் இருக்கிறது. கத்திரி வெயிலுக்கு முன்னால் அதை முடித்துவிட வேண்டும். நாளையிலிருந்து அதற்குத் தண்ணீர் நிறுத்தம். விளக்குமாற்றிலிருந்து பத்து ஈர்க்கு உருவி வைத்துவிட்டேன்.