பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்: 1868-ஆம் வருடத் தீர்ப்பு ஒன்றைத் தேடிய அனுபவம்

பழைய பிரிவி கவுன்சில் தீர்ப்பு ஒன்றை, அதாவது வெள்ளைக்காரர் காலத்தில் நம் வழக்குகளின் கடைசி அப்பீலை லண்டனில் கேட்ட அமைப்பின் தீர்ப்பை, மூலப் பக்கத்தோடு எடுக்க வேண்டிய வேலை வந்தது. கூகுளில் போட்டால் வந்துவிடும் என்று நினைக்கும் ஜூனியர் வக்கீல்களுக்காகவே இதை எழுதுகிறேன். வரத்தான் செய்யும், ஆனால் நமக்குத் தேவையான உருவத்தில் வராது.

முதலில் விஷயம். சொத்து வழக்கு. சொத்துக்காரர் இறந்தது 1956-க்கு முன்னால், அதனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வராது, குடும்ப வழக்கம் என்ற வாதத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. எதிர்த்தரப்பு தங்கள் எழுத்துப்பூர்வ வாதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நம்பியிருந்தார்கள்: தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட சட்டத்தையும் விஞ்சும். இந்துச் சட்டம் படித்த யாருக்கும் இந்த வரி மனப்பாடம். அது வருவது மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி, 1868 தீர்ப்பில். நம்ம இராமநாதபுரம் ஜமீன் வழக்குதான். கணவர் இறந்த பிறகு ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் எடுத்த சுவீகாரம் செல்லுமா, செல்லாவிட்டால் ஜமீன் சர்க்காருக்குப் போய்விடுமா என்பதுதான் கேள்வி. செல்லும் என்று லண்டனில் முடிவானது.

சீனியர் பேப்பரைப் படித்துவிட்டு, "இந்த வரிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாரும்மா, ஒரிஜினல் பக்கத்தோட வேணும்" என்றார். அவ்வளவுதான் உத்தரவு.

நான் முதலில் போனது எல்லோரும் போகும் இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்துக்கு. 2008-லிருந்து இலவசமாக ஓடுகிறது, அது இல்லாத ஜூனியர் வாழ்க்கையை என்னால் யோசிக்கவே முடியாது. அந்த ஆங்கில வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டேன். கொட்டியது. ஆனால் மேலே வந்ததெல்லாம் அந்த வரியை எடுத்தாண்ட பிற்காலத் தீர்ப்புகள், பலவற்றில் வெறும் அந்த வரி மட்டும். ஒருவர் எடுத்ததை அடுத்தவர் எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து, முன்பின் வாக்கியங்கள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. எதிர்த்தரப்பும் இப்படி ஒரு இரவல் தீர்ப்பிலிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

சரி, வழக்கின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் அங்கேதான் பெரிய தொல்லை. முத்து என்பதை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுதவில்லை. ஓ இரண்டு, டி இரண்டு போட்டவர்கள் உண்டு, ஒற்றை யு போட்டவர்கள் உண்டு, சேதுபதி சாதுபதியாகி, கடைசி எழுத்து ஓரிடத்தில் ஒய், ஓரிடத்தில் ஐ. மதுரை மதுராவாக இருக்கிறது. இதற்கு மேல் ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் தன் பங்குக்கு எழுத்தைக் கெடுத்து வைத்திருக்கும். பழைய நம்மூர் வழக்கைப் பெயரால் தேடுவது வெட்டி வேலை.

சிலர் இ-எஸ்சிஆரில் பார்க்கச் சொன்னார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கியது, அருமையான வசதி, இலவசம். ஆனால் அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் திரட்டு, 1950-லிருந்துதான் ஆரம்பம். பிரிவி கவுன்சிலுக்கு இந்தியாவிலிருந்து அப்பீல் போவது 1949-லேயே முடிந்துவிட்டது. கதவு தப்பு, தட்டிப் பயனில்லை.

அப்புறம்தான் வக்கீல்கள் சங்க நூலகத்துக்குப் போனேன். நூலகர் ஐயா ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. "பேரைத் தேடாதீங்கம்மா. நம்பரைத் தேடுங்க. 12 மூர்ஸ் 397. அதுக்கு இன்னும் ரெண்டு மூணு நம்பர் இருக்கும், எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். மூர் தொகுத்த இந்திய அப்பீல்கள் 12-ஆம் தொகுதி, 397-ஆம் பக்கம். அதே தீர்ப்பு வங்காளத் திரட்டில் முதல் தொகுதி பிரிவி கவுன்சில் பகுதியின் முதல் பக்கம், வீக்லி ரிப்போர்ட்டரில் 10-ஆம் தொகுதி, 17-ஆம் பக்கம். சென்னை உயர் நீதிமன்றம் இதே வழக்கில் முன்பு சொன்னது சென்னைத் திரட்டு 2-ஆம் தொகுதி, 206-ஆம் பக்கம். கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது: மூர் முழுவதையும் இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ் என்ற பெரிய மறுபதிப்பில் 18 முதல் 20 வரையான தொகுதிகளில் அடக்கிவிட்டார்கள், நம் தீர்ப்பு 20-ஆம் தொகுதி 389-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கடைசி எண்தான் பூட்டைத் திறந்தது. இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸை காமன்எல்ஐஐ தளத்தில் தீர்ப்புத் தீர்ப்பாக, பக்கப் படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். 20 இ.ஆர். 389 என்று போனால் பி.டி.எஃப். கையில் கிடைக்கிறது. அந்த மறுபதிப்பில் ஒரு நல்ல பழக்கம், மூரின் பழைய பக்க எண்ணை வாசகத்தின் நடுவிலேயே சதுர அடைப்புக்குள் அச்சிட்டிருப்பார்கள். 436 என்ற எண்ணைத் தேடிப் போனால் அந்தப் புகழ்பெற்ற வரி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு முந்தைய வாக்கியம்தான் எங்களுக்கு வேண்டியது. அதன் சாரம் இது: இந்துச் சட்டத்தை நடத்த வேண்டிய ஐரோப்பிய நீதிபதியின் வேலை, ஒரு கோட்பாடு ஆதி நூல்களிலிருந்து வருகிறதா என்று ஆராய்வது அவ்வளவாக அல்ல. அந்த வட்டாரத்தில் செல்லுபடியாகும் சட்டப் பிரிவு அதை ஏற்றிருக்கிறதா, வழக்கத்தில் அது நிலைபெற்றிருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஏனென்றால் என்று தொடங்கித்தான் அந்த மனப்பாட வரி வருகிறது. அதாவது மிதாட்சரம், ஸ்மிருதி சந்திரிகை போன்ற நூல்களைத் திராவிட தேசத்தில் எப்படிப் படிப்பது என்ற பேச்சு அது. ஒரு குடும்பம் தன் வீட்டில் இப்படித்தான் என்று சொன்னால் போதும் என்ற பேச்சே அதில் இல்லை.

அதே சூட்டில் மூரின் 14-ஆம் தொகுதி 570-ஆம் பக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். ராமலட்சுமி அம்மாள் வழக்கு, 1872, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காடு ஜமீன். வாரிசு முறையை மாற்றும் தனி வழக்கம் தொன்மையானதாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும், அதற்குத் தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் வேண்டும் என்று சொன்னது இதுதான். குடும்ப வழக்கம் பேசுகிறவர் முதலில் தாண்ட வேண்டிய வேலி இது. 2008-ல் உச்ச நீதிமன்றம் சலேக் சந்த் வழக்கில் வழக்கத்தை எப்படி நிரூபிப்பது என்று பேசியதையும் சேர்த்து வைத்தேன்.

இதற்கிடையில் சேம்பரில் ஒருவர் ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு, எங்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று சந்தோஷமாக வந்தார். பெயர் பிரமாதம், ஏதோ ஒரு ஜமீன்தாரிணி. சைட்டேஷன், அதாவது திரட்டு எண், 15 மூர்ஸ் என்று இருந்தது. மூர் இந்திய அப்பீல்களில் மொத்தமே 14 தொகுதிகள்தான், 1836 முதல் 1872 வரை! நியூயார்க்கில் 2023-ல் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டதை அவருக்கு நினைவுபடுத்தினோம். எந்தத் திரட்டு எந்த வருடம் தொடங்கி எதில் முடிந்தது, எத்தனை தொகுதி என்று ஒரு சின்ன அட்டவணை மேஜையில் இருந்தால் இந்த மாதிரிச் சரக்கு அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

மூரின் அசல் புத்தகப் பக்கமும் வேண்டும் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ். இங்கே பொறுமை வேண்டும். நம் அரசு டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் செய்த புத்தகங்கள் அங்கே ஏராளம், ஆனால் தலைப்பில் எழுத்துப் பிழை, தொகுதி எண் இல்லாமலே பல. தலைப்பை நம்பாமல் புத்தகத்தைத் திறந்து முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். தோராயமான வருடக் கணக்கு வைத்துத் தொகுதியை ஊகித்து, பிறகு பக்கத்துக்குத் தாவலாம். உள்ளே எழுத்துத் தேடலை நம்ப வேண்டாம்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது ஒரு சந்தேகம் பலருக்கு வருகிறது: இணையத்திலிருந்து எடுத்த தீர்ப்புக்கு மின்னணு ஆவணச் சான்று வேண்டுமா என்று. அந்தச் சான்றைக் கேட்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63. தீர்ப்பை நாம் சட்டமாகக் காட்டுகிறோம், சாட்சியமாக அல்ல, அதனால் வேண்டாம். ஆனால் இதே வழக்கில் இனாம் பதிவேடு (இனாமாகக் கொடுத்த நிலங்களின் பதிவு) மாதிரி ஏதாவது காட்ட நினைத்தால் கதை வேறு, அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ உரிய அலுவலகத்திலோ மனுப் போட்டுச் சான்றிட்ட நகல்தான் வாங்க வேண்டும், போனில் எடுத்த படம் உதவாது.

நீதிமன்றத்தில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பான டைப்டு செட்டில் நாங்கள் வைத்தது 435, 436 இரண்டு பழைய பக்கங்களும் வரும் படங்கள், மேலே எல்லா இணை எண்களும். எதிர்த்தரப்பு எடுத்த வரியை மஞ்சளிலும், அதற்கு முந்தைய வாக்கியத்தைப் பச்சையிலும் குறித்தோம். வாதம் இன்னும் வரவில்லை, அடுத்த வாய்தாவுக்குப் போட்டிருக்கிறார்கள்.