லாக் புக்கும் அப்போஸ்தலர் 5:29-ம்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் விசுவாசிக்கு "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்ற வசனம் பெரும்பாலும் சோதனை முடிவுகளை எழுதும் லாக் புக் வழியாகத்தான் எதிர்ப்படும். ஆற்றில் விடும் நீரில் பிஓடி (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், சிஓடி (அதை ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) 250-க்குள் இருக்கவேண்டும். சிஓடி பார்க்க மாதிரியை இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பிஓடிக்கு 27 டிகிரி இன்குபேட்டரில் மூன்று நாள். காலையில் எடுத்த மாதிரிக்கு மாலையிலேயே, "பிஓடி 28-னு போட்டுடுப்பா, நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு போர்டுல இருந்து வராங்க" என்று இன்சார்ஜ் சொன்னால் யோசிக்க எதுவும் இல்லை. அந்த நீர் போவது ஆற்றுக்கு. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையில் வரும் பிறன், அங்கே வலை போடும் மீனவர்தான்.

ஆனால் மனதுக்குப் பிடிக்காத எல்லா உத்தரவுக்கும் இந்த வசனத்தை இழுக்கக் கூடாது. நைட் ஷிப்ட், கடுகடுப்பான மேலாளர், வேறு பிரிவுக்கு மாற்றம் இவையெல்லாம் 1 பேதுரு 2:18-க்குள் அடங்கும். "முரட்டுக்குணமுள்ளவர்களுக்கும்" கீழ்ப்படியச் சொல்கிறது அது. ஞாயிற்றுக்கிழமை டூட்டி வந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம், மாலை ஆராதனைக்குப் போகலாம். ஆயுத பூஜை கொஞ்சம் சிக்கல். இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போடுவது வேலை, அதை மற்றவர்களைவிட நன்றாகவே செய்யவேண்டும். ஆரத்தி எடுப்பது வழிபாடு. அதில் நிற்க முடியாது என்பதை இரண்டு வாரம் முன்பே தனியாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலான முதலாளிகள் ஒத்துக்கொள்கிறார்கள். தட்டு கைக்கு வந்தபின் எல்லோர் முன்னாலும் மறுத்தால் அது அவமானமாகிவிடும், பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

மறுக்கும் முறைக்குத் தானியேல் முதலாம் அதிகாரத்தை மெதுவாகப் படிக்கவேண்டும். ராஜாவின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தானியேல் முதலில் பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொள்கிறான். அவனோ ராஜாவுக்குப் பயப்படுகிறான், தன் தலை போய்விடும் என்கிறான். தானியேல் அந்தப் பயத்தை இகழவில்லை. அடுத்த நிலையில் இருந்த மேல்ஷாரிடம் போய், பத்து நாள் மட்டும் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப்பாரும் என்கிறான். கேட்டது சிறிது, காலம் குறித்தது, முடிவு மேல்ஷார் கையில். ஆய்வகத்திலும் அப்படித்தான்: "சார், இந்த எண்ணை நான் எழுத முடியாது. 'முடிவு நிலுவை'ன்னு போடறேன். தண்ணிக்குள்ள காத்து செலுத்துற ஏரேஷன் நேரத்தைக் கூட்டுங்க, ராத்திரி நானே இருந்து மறுபடி மாதிரி எடுக்கறேன்." மேலாளருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்காத பேச்சு இது.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். ஆறு மாதம் பொய் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்க்ரிமென்ட் வராத மாதத்தில் மட்டும் மனசாட்சி விழித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். தாமதமாக வருகிறவன், மாதிரிக் குடுவையைக் கழுவாதவன் வசனம் சொன்னால் வசனத்துக்குத்தான் கேடு. தானியேலிடம் பகைவர்கள் தேடியும் வேலையில் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை என்று ஆறாம் அதிகாரம் சொல்கிறது.

இன்னொன்றையும் சபைகளில் சொல்லியாகவேண்டும். அந்த வசனத்தைச் சொன்ன அப்போஸ்தலர்களை உபதேசிக்கவிடாமல் தடுத்தது ரோம அரசு அல்ல. பிரதான ஆசாரியனும் ஆலோசனைச் சங்கமும், அதாவது மதத் தலைவர்கள். ஆகவே கமிட்டி மூப்பர் தன் மகனுக்காக டெண்டர் விலையைக் கசியவிடச் சொன்னாலும் பதில் அதேதான்.

மறுத்ததற்கு விலை உண்டு. அப்போஸ்தலர்கள் அடி வாங்கினார்கள், தப்பி ஓடவில்லை, தினந்தோறும் உபதேசித்தார்கள். ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்திலேயே அந்தச் சபை நிலத்தை விற்று, தேவைப்பட்டவனுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தது. வேலை போனவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கும் முன், அந்த மாத வாடகையும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் யார் கட்டுவது என்று கமிட்டி முடிவுசெய்து, பணத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.