அக்ரொய்ட் வினாத்தாளை இரண்டாம் முறை எழுதியவள் சொல்வது

பெறுபேறு வந்து மூன்று நாள். துப்பறியும் இலக்கியப் பாடம் பாஸ். ரிபீட் என்பதால் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் எங்கள் விதிப்படி சி தான் விழும், அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது, ஆனாலும் தலைப்பாரம் இறங்கிவிட்டது. அடுத்த பிரிவுக்கும் அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ரொய்ட் கொலை' தான் பாடநூல் என்று கேள்விப்பட்டேன், அதனால் மறக்க முன்னம் எழுதுகிறேன். கொலைகாரர் யார் என்பதை மறைத்து எழுத முடியாது. நாவலை முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். கதை சொல்கிற டொக்டர் ஷெப்பர்டேதான் கொலைகாரர்.

முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு வசனம் என்றே நம்புகிறேன். "நொக்ஸின் பத்து விதிகளை கிறிஸ்டி துணிந்து மீறினார்" என்று தொடங்கி அதன் மேலேயே நாலு பக்கம் கட்டினேன். நாவல் வந்தது 1926 ஜூனில். துப்பறியும் கதை எப்படி இருக்க வேண்டும் என்று ரொனால்ட் நொக்ஸ் அந்த விதிகளை எழுதியது 1929இல். அதே மாதிரி அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் போட்ட இருபது விதிகளும் 1928இல்தான் வந்தன. எழுதப்படாத விதியை யார் மீறுவது? வாசகர் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்து வருகிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்று நொக்ஸ் சொல்வதை, அக்ரொய்ட் வந்த பிறகு எழுந்த குரலாகக் காட்டியிருந்தால் அதே நாலு பக்கமும் எனக்குக் கைகொடுத்திருக்கும். ஆண்டுகளைச் சுவரில் ஒட்டுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இரண்டாம் முறை என்னைக் காப்பாற்றியது அம்மா. ஆங்கில நாவல் வாசிக்க மாட்டா. வெள்ளவத்தை வீட்டில் அவ கீரை ஆயும்போது பக்கத்தில் இருந்து கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். டொக்டர் ஷெப்பர்டுதான் கதை சொல்கிறவர், அக்ரொய்டின் அறையில் இருக்கிறார், எட்டு நாற்பதுக்குக் கடிதம் வருகிறது, எட்டு ஐம்பதுக்கு இவர் வெளிக்கிடும்போதும் கடிதம் வாசிக்கப்படாமலே கிடக்கிறது என்றேன். அம்மா கீரைக் கட்டை அப்படியே மடியில் வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பத்து நிமிசம் டொக்டர் என்ன செய்தவர்?" என்று கேட்டா.

நான் இரண்டு தடவை வாசித்த புத்தகம். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ஷெப்பர்டே கடைசி அத்தியாயத்தில் இந்த இடத்தைத்தான் பெருமையாகச் சுட்டிக்காட்டுகிறார், முதல் வசனத்துக்குப் பின் நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் யாராவது யோசித்திருப்பார்களா என்று கேட்கிறார். ஒரு பொய்யும் சொல்லவில்லை, பத்து நிமிடத்தை விழுங்கிவிட்டார், அவ்வளவுதான்.

அன்றிரவே ஒரு கொப்பியில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் ஷெப்பர்ட் சொன்னது, வலப்பக்கம் விட்டது. பிணத்தைக் கண்டதும் வீட்டு வேலைக்காரர் பார்க்கரைப் பொலிஸுக்குப் போன் எடுக்க அனுப்பிவிட்டு, செய்ய வேண்டியிருந்த கொஞ்சத்தைச் செய்தேன் என்கிறார். வலப்பக்கத்தில் நான் எழுதியது: அக்ரொய்ட் உயிரோடு பேசுவதுபோல் கேட்க வைத்திருந்த டிக்டாபோனை, அதாவது குரல் பதியும் கருவியை, பைக்குள் போட்டார், அதை மறைத்து நின்ற கதிரையைச் சுவரோரம் தள்ளினார். அந்தக் கதிரையில்தான் துப்பறிவாளர் புவாரோ பிடிக்கிறார். வேலைக்குப் போய் வரும் 100ஆம் இலக்க பஸ்ஸில், இருக்க இடம் கிடைத்த நாட்களில் எல்லாம் இந்தக் கொப்பிதான். 27 அத்தியாயத்துக்கும் பதினோரு பக்கம் வந்தது. கடந்தகால வினாத்தாள்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பார்த்துப் பழகியவர்கள் பாருங்கள், எனக்கு அது பதற்றத்தைத்தான் தந்தது.

சோதனை அறைக்கு:

- கதைச் சுருக்கம் வேண்டாம். திருத்துபவருக்குக் கதை தெரியும்.
- 1926 டிசம்பரில் கிறிஸ்டி பதினொரு நாள் காணாமல் போன கதையை எழுத ஆசை வரும். முதல் தடவை அரைப் பக்கம் எழுதினேன், கேள்விக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாவல் அதற்கு முன்பே வந்துவிட்டது.
- அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் கட்டாயம். அக்ரொய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்று 1945இல் தலைப்பே வைத்தவர். அவரோடு மோதுங்கள், மேற்கோளாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.
- ஷெப்பர்டின் அக்கா கரோலைனை மறக்காதீர்கள். தம்பி மறைப்பதை வம்பளந்தே பொறுக்கி எடுக்கும் அக்கா. இவவை வைத்துத்தான் என் மூன்றாவது விடை நின்றது.

இன்னொன்று, இதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் எனக்குப் பிடித்தது. கதை சொல்பவரே கொலைகாரர் என்ற யோசனையைக் கிறிஸ்டிக்குச் சொன்னவர்களில் ஒருவர் அக்கா கணவர் ஜேம்ஸ் வாட்ஸ், மற்றவர் மவுண்ட்பேட்டன் பிரபு. அதே மவுண்ட்பேட்டன் 1944இல் பேராதனைப் பூங்காவில் இருந்துகொண்டு தென்கிழக்காசியப் படையை நடத்தினார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அந்தப் பூங்காவில் புட்டு சாப்பிட்டிருக்கிறேன். பெயர் எனக்குப் பிறகு மறக்கவேயில்லை.

கொப்பி வேண்டியவர்கள் கேளுங்கள், போட்டோ கொப்பி எடுக்கத் தருகிறேன். முன் மட்டையில் பென்சிலால் அம்மாவின் கேள்வி எழுதியிருக்கிறது, அதை மட்டும் அழிக்க வேண்டாம்.