ஹேப்-ஆரை நீக்கினால் என்ன ஆகும்? நெட் படிப்பில் எனக்கு 5 மார்க் போன கதை

பெங்களூரு மத்திகெரே பிஜி ரூமில் உட்கார்ந்து, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் லைஃப் சயின்ஸஸுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாடல் டெஸ்டில் கேள்வி: காலரா கிருமியில், கூட்டம் கூடியதும் வேலையைத் தொடங்கும் ஹேப்-ஆர் என்ற கட்டுப்பாட்டு ஜீனை நீக்கினால் காலனி எப்படி இருக்கும்? கூட்டம் கூடினால் பயோஃபிலிம் (கிருமிகள் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும் படலம்) என்று சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமிக்குப் படித்ததை அப்படியே இங்கே தூக்கிப் போட்டு, ‘வழவழப்பு’ என்று டிக் அடித்தேன். பார்ட் சி-யில் சரியென்றால் 4, தப்பென்றால் 1 கழியும். ஆக மொத்தம் 5 போச்சு.

காலரா கிருமி நேர் எதிர். ஆள் குறைவாக இருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், பெருகியதும் கலையும். வாணியம்பாடிக்கார ரூம்மேட் ஒரே வரியில் புரியவைத்தாள்: “ரெண்டு பேரா இருந்தப்ப சேர்ந்து சமைச்சோம், ஆறு பேரானதும் ஆளுக்கொரு ரூம் தேடலையா, அதேதான்டி.”

கூட்டம் குறைவாக இருக்கையில் லக்ஸ்-ஓ என்ற புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறியிருக்கும். அது கியூஆர்ஆர் என்ற நான்கு குட்டி ஆர்என்ஏக்களைக் கிளப்பிவிடும். அவை ஹேப்-ஆரின் எம்ஆர்என்ஏவை, அதாவது அந்தப் புரதம் செய்யச் சொல்லும் ஜீன் நகலை, சிதைத்துவிடும். ஹேப்-ஆர் இல்லையென்றால் பசை தயாரிக்கும் விபிஎஸ் ஜீன்களுக்குக் கடிவாளம் இல்லை. பசை சுரக்கும், காலனி சுருக்கம் விழுந்து ‘ரூகோஸ்’ ஆகும்.

இதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஜீனாக விரலால் மறைத்து, அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள். நான்கு கியூஆர்ஆரில் ஒன்றை மட்டும் நீக்கினால்? பெரிதாக ஒன்றும் ஆகாது, மற்றவை சமாளிக்கும். நான் இதிலும் ஒருமுறை விழுந்தேன். ஹேப்-ஆரையும், பசை தயாரிக்கும் ஜீன்களில் ஒன்றான விபிஎஸ்-எல்லையும் சேர்த்து நீக்கினால்? வழவழப்புதான். கொத்தனாரே இல்லாதபோது மேஸ்திரி இருந்தென்ன, போயென்ன!

செல்லுக்குள் செய்தி சொல்லும் மூலக்கூறான சைக்ளிக் டை-ஜிஎம்பிக்கு ஒரு வரி போதும்: அது கூடினால், பசை ஜீன்களைத் தூண்டும் விபிஎஸ்-ஆர், விபிஎஸ்-டி விழித்து ஒட்டவைக்கும், குறைந்தால் நீந்தவிடும்.

முடிந்தால் லேபில் ஒரு ரூகோஸ் பிளேட்டைக் கண்ணால் பாருங்கள். கிருமியை எடுக்கும் கம்பி வளையமான லூப் பட்டதும் காய்ச்சின பாலின் ஆடை மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து வரும். குளோரினை அது ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரிஸ்டல் வயலட் சாயம் போட்ட டியூபில், ஒட்டிய பயோஃபிலிம் திரவ மட்டத்தில் ஊதா வளையமாக நிற்கும். முதல் தடவை அவசரத்தில் தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்து, வளையத்தையே கழுவி ஊற்றிவிட்டேன். திரும்பச் செய்ததில் விரலெல்லாம் சாயம். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தபோதும் நகக்கண்ணில் ஊதா போகவில்லை.