மெஷினில் போட்டதா?

போன மாதம் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். நான் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், போட்ட வெள்ளை மேசைவிரிப்பை எடுத்துப் பார்த்த ஒரு அம்மா, "மெஷின்ல போட்டதாம்மா?" என்று கேட்டார். கையால்தான் என்றேன். நம்பவில்லை. பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அது 19 நாள் வேலை. மதுரை வெயிலில் கை வியர்த்தால் வெள்ளை நூல் அழுக்கேறிவிடும் என்று, விடியற்காலையில் மட்டும் உட்கார்ந்து போட்டது. அன்று முழுக்க மனசே சரியில்லை.

நிட்டிங்குக்கு இயந்திரம் உண்டு. 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் தறியைச் செய்துவிட்டார். திருப்பூர் பனியனும் அந்த வழியில் வந்ததுதான். நீங்கள் போட்டிருக்கும் பனியனை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்ன அம்புமுனை போலக் கண்ணிகள் வரிசையாக நிற்கும். கொடைக்கானலில் இருக்கும் சித்தி பேரனுக்கு நான் இரண்டு ஊசியில் போடும் ஸ்வெட்டரிலும் அதே கண்ணிதான். ஒரு கண்ணி நழுவினால் ஏணி மாதிரி கீழே வரைக்கும் இறங்கிவிடும். அதனால் வரிசையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

குரோஷா வேறு. ஒரே கொக்கி ஊசி, அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். கொக்கி எந்தத் துளைக்குள் நுழைய வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் விரல்தான் தேடிக் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் அதை அப்படியே போடும் இயந்திரம் ஆலைகளில் இல்லை. கடையில் குரோஷா மாதிரி தெரியும் துணியைத் திருப்பிப் பாருங்கள், அது வேறு பின்னல்.

இப்போது விலைச்சீட்டில் எத்தனை நாள் வேலை என்றும் எழுதி வைக்கிறேன். பேரம் குறைந்ததோ இல்லையோ, நின்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது ஒரு குயில்ட், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள், 5 அங்குலச் சதுரங்கள், 13-க்கு 20 என்று மொத்தம் 260. சதுரங்களை இணைப்பது தையல் மெஷினில். அப்புறம் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டுகிறேன். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று வட்டம், ஒன்று சற்றுக் கோணல், நடுவில் கடுகளவு சாயம். ஊசி அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் அங்கே நூல் சுற்றிய விரலை நினைத்துக்கொள்கிறேன்.

பின்னலில் தப்பு வந்தால் உருவிவிடலாம். துணியில் கத்தரி பட்டால் பட்டதுதான். "கட்டுன சேலையில கத்தரி வைக்கலாமாடி?" என்று அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவளே பீரோவைத் திறந்து அரக்குச் சுங்குடியை எடுத்து வந்தாள். என் வளைகாப்புக்குக் கட்டியது. கொசுவம் வரும் இடமெல்லாம் நைந்திருந்தது.

"முந்தானைய மட்டும் விட்டுரு," என்றாள்.

விட்டுவிட்டேன். மடித்து, அவள் தலையணைக்குக் கீழே இருக்கிறது.